யார் பொறுப்பில் அந்த ஓடை?

சென்னைக்காரருக்குக் கிட்டத்தில் இருக்கிற மலை தமிழ்நாட்டில் இல்லை. பரங்கிமலையையும் பல்லாவரம் குன்றையும் மலைக் கணக்கில் சேர்ப்பது பெருந்தன்மை. செங்குன்றம், பெரியபாளையம் வழியாகப் போய் ஊத்துக்கோட்டையில் ஆரணியாற்றைத் தாண்டினால், சிவன் படுத்த கோலத்தில் இருக்கும் சுருட்டப்பள்ளி. அதற்கு அடுத்து நாகலாபுரம். சென்னையிலிருந்து 70, 80 கிலோமீட்டர்தான். விடியுமுன் வண்டியை எடுத்தால் இட்லி ஆறுவதற்குள் அடிவாரம் வந்துவிடும். 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி நடுவர் படாஸ்கரின் பரிந்துரைப்படி ஆந்திர எல்லையை மாற்றியபோது திருத்தணி இந்தப் பக்கம் வந்தது, சத்தியவேட்டைச் சுற்றிய ஊர்கள் அந்தப் பக்கம் போயின. இன்றும் அந்த வட்டாரத்துக் கடைத்தெருவில் தமிழ் பேசிச் சமாளித்துவிடலாம். மலை மட்டும் ஆந்திர வனத்துறையுடையது. 2022 ஏப்ரல் வரை சித்தூர் மாவட்டம், இப்போது திருப்பதி மாவட்டம்.

சென்னையின் ஐ.டி. தலைமுறைக்குக் காடு அறிமுகமானது பெரும்பாலும் இந்த மலையில்தான். பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பு தரமணியிலோ சிறுசேரியிலோ வேலை பார்த்த யாரைக் கேட்டாலும், ‘நாகலா போயிருக்கீங்களா?’ என்ற கேள்வியை ஒருமுறையாவது எதிர்கொண்டதாகச் சொல்வார்கள். இன்று அந்தக் கேள்வி அபூர்வமாகிவிட்டது. மலை அங்கேயேதான் இருக்கிறது, ஓடையிலும் தண்ணீர் ஓடுகிறது. எழுந்ததும் சரிந்ததும் அங்கே நடப்பதற்கென்று உருவான ஒரு முறை. அந்த முறையின் கணக்கைத்தான் இங்கே பார்க்க வேண்டும்.

ஒப்பிடுவதற்குத் தொலைவான ஓர் உதாரணம் வசதியாக இருக்கும். பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில், டோல்கெத்லாய் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் கோய்ட் அ பிரெனின் என்றொரு காடு. 1990-களில் அங்கே மலைச் சைக்கிள் ஓட்டுவதற்கென்றே தடம் வெட்டினார்கள். அந்த நாட்டில் அப்படிப் பிறந்த முதல் ‘ட்ரெயில் சென்டர்’ அதுதான். காட்டில் தானாக உண்டான ஒற்றையடிப் பாதையில் ஓட்டிவிட்டுப் போவது ஒரு வகை. இதுவோ, சரிவைக் குறுக்காக அறுத்துத் தடம் போட்டு, மழைநீர் தடத்தின் வழியே ஓடாமல் பக்கவாட்டில் வழியும்படி சாய்வு கொடுத்து, சேறாகும் இடங்களில் கல் பதித்து, பச்சை, நீலம், சிவப்பு, கறுப்பு என்று கடினத்துக்கேற்ப நிறம் குறித்து வைப்பது. அடிவாரத்தில் வண்டி நிறுத்துமிடம், காபிக்கடை, சைக்கிள் கடை. தடத்தில் ஓட்டக் காசு கேட்பதில்லை. நிறுத்தவும் தின்னவும்தான் காசு. உலகம் முழுக்க இந்த அச்சைத்தான் பலரும் எடுத்துக்கொண்டார்கள். சிங்கப்பூரிலும் புலாவ் ஊபின் தீவில் 2008-இல் ஒரு சைக்கிள் பூங்கா வந்தது.

நாகலாபுரத்தில் இதில் எதுவுமே கிடையாது. தடத்தை யாரும் வெட்டவில்லை, ஏனென்றால் அங்கே ஓடைதான் தடம். அடிவாரத்துச் சிறு அணையைத் தாண்டியதும் பாறைக்குப் பாறை தாவி, நீர் வரும் வழியிலேயே மேலே ஏற வேண்டும். இந்த வட்டார மலைகளின் கெட்டியான பாறைக்கு நிலவியலாளர்கள் நகரி ஊரின் பெயரையே வைத்து நகரி குவார்ட்சைட் என்கிறார்கள். திருமலைக்குப் போகும் மலைச்சாலையில் இந்தப் பாறை அதைவிடப் பழைய கிரானைட்டின் மேல் உட்கார்ந்திருக்கும் இடத்தை நிலவியல் நினைவுச் சின்னமாகவே அறிவித்திருக்கிறார்கள்; இரண்டு பாறைக்கும் நடுவில் பல கோடி ஆண்டுகள் காணாமல் போயிருக்கின்றன. குவார்ட்சைட் கரையாது, உதிராது, பிளக்கும். அதனால்தான் செங்குத்துச் சுவர்களும், சுவருக்கடியில் ஆழம் தெரியாத குட்டைகளும். ‘மேஜிக் பூல்’ என்று நகரத்துப் பிள்ளைகள் பெயர் வைத்த குட்டை அப்படி ஒன்று.

ஓடையே தடமாக இருப்பதில் ஒரு சௌகரியம் உண்டு. மண் பாதையில் ஆயிரம் பேர் நடந்தால் பாதை பள்ளமாகும், மழையில் அரிக்கும், யாராவது வந்து செப்பனிட வேண்டும். பாறையில் பத்தாயிரம் பேர் நடந்தாலும் ஒன்றும் ஆகாது. பராமரிப்புச் செலவு பூஜ்யம். ஆனால் செப்பனிட வேண்டாத தடத்துக்குச் செப்பனிடும் ஆளும் இருக்க மாட்டான். வேல்ஸ் காட்டில் மண்வெட்டியோடு நிற்கிற ஒருவர் இருக்கிறார். எங்கே வழுக்குகிறது, எந்தத் திருப்பத்தில் ஆள் விழுகிறார் என்பது அவருக்குத் தெரியும். நாகலாபுரத்து ஓடைக்கு அப்படி ஒருவர் இருந்ததே இல்லை. பின்னால் வந்த கோளாறு எல்லாவற்றுக்கும் வேர் இதில் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

சென்னை ட்ரெக்கிங் கிளப் 2008-இல் தொடங்கியது. தொடங்கியவர் சென்னையில் வேலை பார்த்த பெல்ஜியக்காரரான பீட்டர் வான் கெய்ட். சில ஆண்டுகளில் உறுப்பினர்கள் ஆயிரம் ஆயிரமாகப் பெருகினார்கள். நாகலாபுரமும், தடா அருவி என்று நாம் சொல்லும் உப்பலமடுகும், தலக்கோனாவும் அவர்களுடைய முற்றமாகின. கிளப்பின் முறை எளியது. லாபம் கிடையாது, சம்பளம் வாங்கும் வழிகாட்டி கிடையாது. பெட்ரோலுக்கும் சாப்பாட்டுக்கும் ஆகும் செலவைத் தலைக்கு இவ்வளவு என்று பங்கிட்டுக்கொள்வது. முன்பே போய் வந்தவர் புதியவரைக் கூட்டிப்போவது. வந்தவரில் ஆர்வம் உள்ளவர் அடுத்த முறை தானே கூட்டிப்போவது. ஜி.பி.எஸ். கருவியும் செயற்கைக்கோள் படமும் கையில் இருந்தன. ஊர்க்காரர்களைக் கேட்காமலே மலையின் ஒவ்வொரு பள்ளத்தாக்கையும் கண்டுபிடித்தார்கள்.

இதன் நன்மைகளைக் குறைத்துச் சொல்லக் கூடாது. தமிழ்ச் சமூகத்தில் மலை ஏறுவது பெரும்பாலும் வேண்டுதலாகவே இருந்தது: பழநி, சபரி, திருமலை, வெள்ளியங்கிரி, சதுரகிரி. விரதம் இருந்தால் ஏறலாம், சாமி இருந்தால் ஏறலாம். வெள்ளியங்கிரியிலும் சபரியிலும் வயது வந்த பெண்களுக்கு அந்த வழியும் அடைத்தே இருந்தது. மலைக்காகவே மலை ஏறலாம் என்பதை வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கும், தனியாக வெளியூர் போக வீட்டில் விடாத பெண்களுக்கும் வாய்க்கச் செய்தது இந்தக் கிளப்தான். இருநூறு ரூபாயோ முந்நூறு ரூபாயோ கொடுத்து ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஓடையில் கழித்தவர்கள் அதற்கப்புறம் நீச்சல் கற்றார்கள், நீண்ட தூரம் ஓடினார்கள், சைக்கிள் வாங்கினார்கள். சென்னைக் கடற்கரையில் ஆண்டுதோறும் குப்பை பொறுக்கும் இயக்கம் இந்தக் கூட்டத்திலிருந்து வந்தது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் உதவிக்கு இறங்கியதும் இவர்கள்தான். ஒரு மலையேற்றக் குழு ஊருக்கு இவ்வளவு திருப்பிக் கொடுத்தது பெரிய விஷயம்.

குறை எங்கே என்றால், அந்த நன்மைகள் முளைத்த அதே இடத்தில். இலவசம் என்பதால் அடிவாரத்துக் கிராமத்துக்கு ஒரு காசும் போகவில்லை. ரொட்டியும் ஜாமும் பழமும் சென்னையிலேயே வாங்கி மூட்டை கட்டி வந்தார்கள். ஓடையின் ஒவ்வொரு குட்டையின் ஆழமும் தெரிந்த ஆடு மேய்க்கும் பையன், கார்கள் வரிசையாக வந்து நிற்பதையும் மாலையில் வரிசையாகத் திரும்புவதையும் வேடிக்கை பார்த்தான். கிருஷ்ணதேவராயர் தன் தாய் நாகலாம்பாளின் பெயரில் அமைத்த ஊர், அங்கே மச்ச அவதாரத்துக்கு ஒரு பெரிய கோயில், மார்ச்சில் சில நாள் மாலை வெயில் கருவறை வரை நுழையும் அழகு: இதையெல்லாம் பார்க்கக்கூட பல குழுக்கள் வண்டியை நிறுத்தியதில்லை. மலை அவர்களுக்குச் சொந்தம், ஊர் அந்நியம். ஞாயிற்றுக்கிழமைக்கு நூறு பேர் இருந்தார்கள். திங்கட்கிழமைக்கு ஒருவரும் இல்லை.

அதைவிட முக்கியமான குறை, கிளப் தன் அறிவைப் பரப்பியதே தவிர அதோடு சேர்ந்த ஒழுங்கைப் பரப்ப முடியவில்லை என்பது. வரைபடம் இணையத்துக்கு வந்தது, படங்கள் வந்தன. குட்டைகளின் பச்சை நிறத் தண்ணீரைப் பார்த்த கல்லூரிப் பையன்கள் பைக்கில் கிளம்பினார்கள். கிளப் ஆட்கள் நீந்தத் தெரியாதவருக்கு ரப்பர் ட்யூப் கொண்டுபோனார்கள். இவர்கள் பீர் பாட்டில் கொண்டுபோனார்கள். வழுவழுப்பான குவார்ட்சைட் சுவரில் பிடிமானம் கிடையாது. குட்டைக்குள் இறங்குவது சுலபம், ஏறுவதற்கு ஒரு விளிம்பும் கைக்குக் கிடைக்காது. அருவி விழும் இடத்தில் நீர் கீழே இழுக்கும். தடாவிலும் நாகலாபுரத்திலும் சென்னைப் பிள்ளைகள் மூழ்கிச் சாவது செய்தித்தாளில் பழகிப்போன செய்தியானது. பாட்டில் சில்லும் பிளாஸ்டிக்கும் ஓடையில் தங்கின. கிளப் ஆட்கள் சாக்கு எடுத்துப் போய் அள்ளினார்கள், உண்மை. ஆனால் அள்ளியதைவிட வேகமாகச் சேர்ந்தது. இந்த மலைநீரெல்லாம் ஆரணியாற்றில் இறங்கி ஊத்துக்கோட்டை, பெரியபாளையம் வழியாகப் பழவேற்காட்டுப் பக்கம் கடலுக்குப் போகிறது. ஞாயிற்றுக்கிழமை மேலே போட்டது நம் ஊருக்கே திரும்பி வருகிறது.

இன்னொரு பக்கம் காட்டுக்குள் வேறொரு கதை நடந்துகொண்டிருந்தது. செம்மரம் உலகத்திலேயே கிழக்குத் தொடர்ச்சி மலையின் இந்தத் தெற்குத் துண்டில் மட்டும்தான் இயற்கையாக வளர்கிறது: சேஷாசலம், வெலிகொண்டா, பாலகொண்டா, லங்கமலை. கடத்தப்பட்ட கட்டைகளின் பாதை சென்னைத் துறைமுகத்தை நோக்கியது. 2013 டிசம்பரில் சேஷாசலக் காட்டில் வனத்துறை அலுவலர்கள் இருவர் கொல்லப்பட்டார்கள். 2015 ஏப்ரல் 7 அன்று திருப்பதிக்கு அருகே சந்திரகிரிப் பகுதிக் காட்டில் தமிழ்நாட்டு மரம்வெட்டிகள் 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். திருவண்ணாமலை, தர்மபுரி, சேலம் மாவட்டங்களின் ஏழைகள். அது மோதல்தானா என்று மனித உரிமை அமைப்புகள் எழுப்பிய கேள்வி இன்னும் அடங்கவில்லை. அதற்குப் பின் சித்தூர்க் காட்டுக்குள் முதுகுப் பையோடு தமிழ் பேசிக்கொண்டு நடக்கிற யாரையும் வனக்காவலர் இரண்டாம் முறை பார்க்காமல் விடுவதில்லை. கையில் கோடரி இருந்தவருக்குத் துப்பாக்கி, கேமரா இருந்தவருக்கு எச்சரிக்கை என்ற வித்தியாசத்தை மலையேறிகள் தங்கள் அதிர்ஷ்டமாக எடுத்துக்கொண்டார்கள். அந்த வித்தியாசத்தைப் பற்றி அவர்கள் கூட்டங்களில் எவ்வளவு பேசினார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது. ஒரே மலை, ஒரே மொழி, இரண்டு வர்க்கம்.

மூழ்கிய சாவுகளுக்கும் செம்மரக் கெடுபிடிக்கும் பின் மூன்றாவது அடி 2018 மார்ச் 11. தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அவர்களில் பலர் சென்னை கிளப்போடு போனவர்கள். அரசு விசாரணை வைத்தது. தமிழ்நாடு மலையேற்ற ஒழுங்குமுறை விதிகள் அந்த ஆண்டே வந்தன. குரங்கணிக்கும் நாகலாபுரத்துக்கும் நானூறு ஐந்நூறு கிலோமீட்டர் இருக்கலாம். ஆனாலும் ஆந்திர வனத்துறைக்கு அது ஒரு நல்ல காரணம். காப்புக்காட்டில் அனுமதியில்லாமல் நுழைவது எப்போதுமே குற்றம்தான். அதுவரை அந்தச் சட்டம் தூங்கிக்கொண்டிருந்தது. இப்போது விழித்துக்கொண்டது.

மலையை மூடுவதற்குக் காரணங்கள் இருந்தன, மறுக்கவில்லை. ஆனால் மூடுவது யாரைத் தடுக்கிறது? பொறுப்பான குழு முறைப்படி அனுமதி கேட்கும், கிடைக்காது, போகாது. பாட்டிலோடு வருகிற நாலு பேர் எதையும் கேட்பதில்லை, செக்போஸ்ட் இல்லாத பக்கமாக ஏறிவிடுவார்கள். தடை என்பது சல்லடை மாதிரி. ஆனால் இங்கே அரிசியை நிறுத்திவிட்டுக் கல்லை உள்ளே விடுகிறது. கயிறும் முதலுதவிப் பெட்டியும் கொண்டுவந்தவர்கள் விலகினார்கள், தெரியாதவர்கள் மட்டும் மிஞ்சினார்கள். காட்டின் பெயரால் போட்ட தடை காட்டுக்கும் நல்லதைச் செய்யவில்லை.

இதே திருப்பதி மாவட்டத்தில் மனித நடைக்கென்று இருக்கிற இன்னொரு தடத்தைப் பார்த்தால் விஷயம் தெளிவாகும். அலிபிரியிலிருந்து திருமலைக்கு 3,550 படிகள். ஸ்ரீநிவாச மங்காபுரத்துப் பக்கம் ஸ்ரீவாரி மெட்டில் 2,388. இதைப் போய் ட்ரெயில் என்று சொல்லலாமா என்று மலையேறிகள் முகம் சுளிப்பார்கள். கூரையும் கடையும் ஒலிபெருக்கியும் உள்ள இடத்தில் காடு எங்கே என்பார்கள். ஆனால் தென்னிந்தியாவில் மிக நன்றாகப் பராமரிக்கப்படும் மலைத்தடங்களில் இவை இரண்டையும் வைக்கலாம். 2021 நவம்பர் மழையில் ஸ்ரீவாரி மெட்டு பாறை சரிந்து அடித்துப் போனது; சில மாதங்களில் கட்டி, 2022 மே மாதம் திறந்தார்கள். 2023 ஆகஸ்டில் அலிபிரிப் பாதையில் ஆறு வயதுச் சிறுமியைச் சிறுத்தை கொன்றது. அதைவிடப் பயங்கரமான விபத்து ஒரு நடைபாதைக்கு வர முடியாது. பாதையை நடத்தும் திருமலை தேவஸ்தானம் அதை மூடிவிடவில்லை. சிறுவர்களைப் பிற்பகல் 2 மணிக்கு மேல் விடுவதில்லை என்றது. கூட்டமாகப் போகச் சொன்னது. கைக்குத் தடி கொடுத்தது. கூண்டு வைத்துச் சிறுத்தைகளைப் பிடித்தது. தடி கொடுத்ததைப் பலரும் கேலி செய்தார்கள். கேலிக்குரியதுதான். ஆனால் பாதையை நாளைக்கும் நடத்தியாக வேண்டும் என்று யோசிக்கிற ஒருவர் இருக்கிறார் என்பதன் அடையாளம் அது. நாகலாபுரத்துக் குட்டையில் ஒருவன் மூழ்கினால் அப்படி யோசிக்க ஒருவரும் இல்லை. ஆகவே பலகை வருகிறது: ‘பிரவேசம் நிஷேதம்’.

தேவஸ்தானத்தின் பணம் எல்லாருக்கும் வருமா என்று கேட்பது நியாயம். அதற்குத் தலக்கோனாவைக் காட்டலாம். 270 அடி உயர அருவி, ஆந்திரத்திலேயே உயரமானது. பக்கத்து நேரபைலு கிராமத்து வன சம்ரட்சண சமிதி வனத்துறையோடு சேர்ந்து சுற்றுலாவைப் பார்த்துக்கொள்கிறது. நுழைவுச் சீட்டு, விடுதி, மரங்களின் உச்சியோடு உச்சியாகக் கயிற்றுப்பாலம், சாப்பாட்டுக் கூடம். காசு கிராமத்துக்கு வருகிறது. ஆகவே காட்டைக் காக்கக் கிராமத்துக்கு ஒரு காரணம் இருக்கிறது. இதில் எனக்குக் குறையும் தெரிகிறது: நாளடைவில் தலக்கோனா ஒரு பிக்னிக் இடமாகிவிட்டது. அருவிவரை படி, கீழே பிரியாணிப் பொட்டலம், மேலே செல்ஃபி. உள்காட்டுத் தடங்களை நடப்பவர் குறைவு. சம்பாதிக்கிற இடம் கூட்டத்தை விரும்பத்தான் செய்யும். 2025 பிப்ரவரி, மகாசிவராத்திரிக்குத் தலக்கோனா சித்தேஸ்வரரைப் பார்க்கக் காட்டு வழியே நடந்து போனவர்களை யானைகள் தாக்கிக் கொன்றன. வருமானம் வரும் வாசலுக்குத்தான் காவல் இருக்கிறது; பழைய நடைவழிகளுக்கு இல்லை.

சரி, பொறுப்பாளர் ஒருவர் வந்துவிட்டால் போதுமா? அப்படியும் சொல்ல முடியவில்லை. மேலே சொன்ன வேல்ஸ் தட மையம் 2025 மார்ச் 31 அன்று தன் வரவேற்பு மையத்தின் கடையையும் உணவகத்தையும் மூடியது. அதை நடத்திய வேல்ஸ் இயற்கை வளத் துறைக்குப் பணம் போதவில்லை. தடங்கள் திறந்தே இருக்கும், வண்டி நிறுத்தலாம் என்றார்கள். எடுத்து நடத்த உள்ளூர்க் குழு ஒன்று முன்வந்தது. பிரிட்டன் முழுக்க மலைச் சைக்கிளின் தாய்வீடு என்று கொண்டாடப்பட்ட இடம், ஏறக்குறைய முப்பது ஆண்டுகளில் அரசுக் கணக்குப் புத்தகத்தில் வெட்டக்கூடிய ஒரு வரியாகிவிட்டது. அடுத்தடுத்துப் பல ஊர்களில் புதிய மையங்கள் வந்து கூட்டத்தைப் பங்கு போட்டுக்கொண்டதும் ஒரு காரணம் என்று ஊகிக்கலாம். தடம் இலவசம், காபி விற்று மண்வெட்டிக்காரருக்குச் சம்பளம் என்ற ஏற்பாட்டின் பலவீனம் அது. காபி விற்பனை விழுந்தால் கல் பதிக்க ஆள் இல்லை. அரசுத் துறை மட்டுமே பொறுப்பாளர் என்றால், அதற்குச் சளி பிடித்தால் தடத்துக்குக் காய்ச்சல்.

(மலைச் சைக்கிளை நாகலாபுரத்துக்குக் கொண்டுவரலாமே என்று ஆசைப்படும் நண்பர்களுக்கு ஒன்று: ஓடைப் பாறையில் சைக்கிள் ஓடாது, காட்டுச் சரிவில் புதிதாகத் தடம் வெட்ட இந்தியாவில் எந்த ரேஞ்சரும் கையெழுத்துப் போட மாட்டார். வட்டாரத்துக்கு உள்ள ஒரே அனுகூலம், விழுந்து எலும்பு முறிந்தால் புத்தூர் கட்டு பக்கத்திலேயே கிடைக்கும் என்பதுதான். சென்னையிலிருந்து சைக்கிளில் வருபவர்கள் ஊத்துக்கோட்டை, நாகலாபுரம், பிச்சாட்டூர், நாராயணவனம் என்று சாலையோடு போவது நல்லது. ஆரணியாறு அணையின் கரையை ஒட்டிய காலை நேரம் எந்தத் தடத்துக்கும் குறைந்ததல்ல.)

எல்லைக்கு இந்தப் பக்கம் தமிழ்நாடு வேறொரு வழியை முயன்றுகொண்டிருக்கிறது. 2024 அக்டோபரில் ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டம் தொடங்கியது: 40 தடங்கள், இணையத்தில் முன்பதிவு, அந்தந்தக் காட்டைச் சேர்ந்த மலைவாழ் இளைஞர்களும் கிராமத்தவரும் பயிற்சி பெற்ற வழிகாட்டிகள், பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை தீக்காலத்தில் மூடல். முதல் மாதங்களின் வருமானத்தில் பெரும்பகுதி வழிகாட்டிகளுக்கே போனதாக அரசு சொன்னது. திருவள்ளூர் மாவட்டத்தில் பூண்டிக்கு அருகே குடியம் குகைகளும் பட்டியலில் உண்டு; நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் தேடித் திரிந்த கற்கால நிலம். நாகலாபுரத்திலிருந்து பார்த்தால் எல்லை தாண்டியதும் அடுத்த காடு. அங்கே சீட்டு வாங்கி, வழிகாட்டியோடு நடக்கலாம். இங்கே திருட்டுத்தனமாக ஏற வேண்டும், அல்லது ஏறாமலே இருக்க வேண்டும்.

அந்தத் திட்டத்தையும் கண்ணை மூடிக்கொண்டு பாராட்ட முடியாது. கட்டணம் கூடுதல் என்ற முணுமுணுப்பு ஆரம்பத்திலேயே எழுந்தது; கிளப் காலத்தில் ஒரு ஞாயிறுக்கு ஆன செலவோடு பார்த்தால் பல மடங்கு. கல்லூரி மாணவன், வீட்டுவேலைக்குப் போகிறவரின் மகள், இவர்கள் ஓடையைப் பார்க்க வேண்டுமானால் எந்த வரிசையில் நிற்பார்கள்? வழிகாட்டி முன்னே, மற்றவர் பின்னே என்ற நடையில் மலை கற்றுக்கொடுக்கிற சில விஷயங்கள் கிடைக்காமலும் போகும்: வழியைத் தானே கண்டுபிடிப்பது, மற்றவரை அழைத்துப் போகும் பொறுப்பைச் சுமப்பது, திரும்பிவிடலாம் என்று முடிவெடுக்கக் கற்பது. கிளப் ஒவ்வொருவரையும் நடப்பவராகவும் நடத்துபவராகவும் ஆக்கியது. அரசுத் திட்டம் வாடிக்கையாளராக மட்டும் வைத்திருக்கிறது. இந்த இழப்பு சிறியது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் உயிரோடு ஒப்பிட்டால் எது பெரியது என்பதில் தயக்கமும் இல்லை.

என் தீர்ப்பைக் கேட்டால்: கிளப் முறை மக்களை உருவாக்கியது, தடத்துக்கு ஆள் வைக்கவில்லை. வனத்துறைத் தடை தடத்தைப் பூட்டியது, அதற்கும் ஆள் வைக்கவில்லை. தேவஸ்தானமும் நேரபைலு சமிதியும் ஆள் வைத்தன, ஆனால் நடையைப் பக்தியாகவும் பிக்னிக்காகவும் சுருக்கிக்கொண்டன. இந்த நான்கில் நாகலாபுரத்துக்கு நெருக்கமாக வரக்கூடியது நேரபைலுதான். அதோடு கிளப் வளர்த்த தன்னார்வலர்களைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். பட்ஜெட் வெட்டப்பட்டாலும் மண்வெட்டியைக் கீழே வைக்காதவர்கள் உள்ளூர்க்காரர்களாகத்தான் இருக்க முடியும் என்பது வேல்ஸிலிருந்து வரும் பாடம்.

செய்ய வேண்டியவை பெரிய திட்டமும் அல்ல. அடிவாரத்துக் கிராம இளைஞர் பத்துப் பேருக்கு நீர்மீட்புப் பயிற்சி. நாளொன்றுக்கு இத்தனை பேர் என்ற வரம்பு. மாணவருக்கு ஒரு கட்டணம், காரில் வருபவருக்கு ஒரு கட்டணம். சீட்டில் பாதி கிராமக் குழுவுக்கு. நீரின் ஆழம் தெரியாத குட்டைகளில் நிரந்தரமாகக் கட்டிய கயிறும் மிதவை வளையமும். வடகிழக்குப் பருவமழையின் உச்சத்திலும் கோடைத் தீக்காலத்திலும் மூடல். தெலுங்கிலும் தமிழிலும் பலகை. இதற்குச் சட்டத் திருத்தம் எதுவும் தேவையில்லை. சமிதி முறை அந்த மாநில வனத்துறையில் ஏற்கெனவே பல ஆண்டுகளாக நடைமுறையில் இருப்பது. திருப்பதி புதிய மாவட்டமான பிறகு அடிவாரத்திலிருந்து ஆட்சியர் அலுவலகத்துக்கு உள்ள தூரமும் குறைந்திருக்கிறது. மனு கொடுக்கப் போகிறவர்கள் சென்னையிலிருந்து தனியாகப் போகாமல், கிராமத்திலிருந்து நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போகட்டும். முன்பு செய்யாமல் விட்டது அந்த ஒன்றைத்தான்.